நீலக் காகிதமும் வெள்ளைப் பொடியும்

உருளைக்கிழங்கு சிப்ஸ் வாங்குகிறவர்கள் பொட்டலத்தின் முன்பக்கத்தைப் பார்ப்பதோடு சரி. பின்பக்கத்தைப் படிக்கிறவர் ஒன்று ரத்தக் கொதிப்புக்காரராக இருக்க வேண்டும், அல்லது என்னைப் போல் கையில் கிடைத்த எந்தக் காகிதத்தையும் படிக்காமல் விடாத பேர்வழியாக இருக்க வேண்டும். அங்கே பொடி எழுத்தில், எறும்பு ஊர்கிற மாதிரி, ஒரு ஜாபிதா அச்சிட்டிருக்கும். கிழங்கு, எண்ணெய், உப்பு, சர்க்கரை, வெங்காயப் பொடி, தக்காளிப் பொடி என்று நம் அடுக்களையில் புழங்குகிற பெயர்களாகவே வந்துகொண்டிருக்கும். திடீரென்று 627, 631 என்று இரண்டு எண்கள் குறுக்கிடும். சில பொட்டலங்களில் 621 என்பதும் சேர்ந்துகொள்ளும். 'சுவை கூட்டும் பொருள்கள்' என்பது இவற்றுக்கு உத்தியோகப் பெயர். ஜெயிலுக்குள் போன மனிதனுக்குப் பெயர் போய் நம்பர் வருகிற மாதிரி, இவைகளுக்கும் சொந்தப் பெயர் போய் நம்பர் மட்டும் மிஞ்சியிருக்கிறது.

இந்தக் கைதிகள் யார், செய்த குற்றம் என்ன என்று விசாரிக்கப் புறப்பட்டேன். ஒரு நூற்றாண்டுக் கதை கிடைத்தது. கடற்பாசியும் வருகிறது, பாம்பும் வருகிறது, பன்றியும் வருகிறது. ஜப்பானின் மகா நாவலாசிரியர் ஒருவர் கூட நடுவில் வந்து தலையைக் காட்டிவிட்டுப் போகிறார்.

முதலில் கிழங்கைக் கவனிப்போம்.

சிப்ஸ் பிறந்ததைப் பற்றி உலகமெங்கும் ஒரு கதை வழங்குகிறது. அமெரிக்காவில் சரடோகா ஸ்பிரிங்ஸ் என்ற ஊரில், 1853-ஆம் ஆண்டில், ஏரிக்கரை ஹோட்டல் ஒன்றில் ஜார்ஜ் க்ரம் என்ற சமையற்காரர் இருந்தார். சாப்பிட வந்த ஒரு பெரிய மனிதர், கிழங்குத் துண்டுகள் தடியாக இருக்கின்றன என்று தட்டைத் திருப்பித் திருப்பி அனுப்பினாராம். க்ரமுக்குக் கோபம் வந்துவிட்டது. கிழங்கைக் காகிதம் போலச் சீவி, மொறமொறவென்று பொரித்து, உப்பை அள்ளிக் கொட்டி, 'இந்தா, சாப்பிட்டுத் தொலை' என்று அனுப்பினாராம். பெரிய மனிதர் சொக்கிப் போய்விட்டாராம். கதை இவ்வளவு கச்சிதமாக இருப்பதனாலேயே எனக்குச் சந்தேகம். கதை எழுதிப் பிழைக்கிறவனுக்கு இன்னொருவனின் கைவேலை தெரியாமல் போகாது. க்ரம் உண்மையாக வாழ்ந்த மனிதர், கைதேர்ந்த சமையற்காரர். அதில் தகராறு இல்லை. ஆனால் 1817-இல் இங்கிலாந்தில் வில்லியம் கிச்சினர் என்பவர் வெளியிட்ட சமையல் புத்தகத்திலேயே, கிழங்கைச் சீவி, துணியில் ஈரம் ஒற்றி, கொழுப்பில் பொரித்து, வடித்தெடுத்து, மிகக் கொஞ்சமாக உப்புத் தூவுகிற முறை இருக்கிறது.

அந்தக் கொஞ்சம் உப்புக்கு மேல் நூறு வருஷத்துக்கு யாரும் போகவில்லை. 1920-இல் லண்டனில் கிரிக்கிள்வுட் என்ற பேட்டையில் ஃபிராங்க் ஸ்மித் என்பவர் சிப்ஸ் தொழில் ஆரம்பித்தார். அவர் சரக்கில் உப்பே கிடையாது. கோயிலில் விபூதியை மடித்துக் கொடுக்கிற மாதிரி, சிறிது உப்பை ஒரு நீலக் காகிதத்தில் முறுக்கி, பொட்டலத்துக்குள் போட்டுவிட்டார். வாங்குகிறவர் துழாவி எடுத்து, முறுக்கைப் பிரித்து, வேண்டிய மட்டும் தூவிக்கொண்டு, பையைக் குலுக்கித் தின்ன வேண்டியது. எனக்கு இந்த நீலக் காகிதத்தின் மேல் ஒரு பிரியம் உண்டு. ருசியின் கடைசி முடிவைத் தின்கிறவன் கையிலேயே விட்டுவைத்த சிப்ஸ் அது.

அந்த நாளில் சிப்ஸ் வியாபாரத்துக்குப் பெரிய சத்துரு நமத்துப் போவதுதான். கடைக்காரர் பீப்பாயிலிருந்தோ கண்ணாடிப் பெட்டியிலிருந்தோ அள்ளிக் கொடுப்பார். பெட்டியின் அடியில் கிடப்பது நமத்துத் தூளாகிக் கிடக்கும். 1926-இல் கலிபோர்னியாவில் லாரா ஸ்கடர் என்ற அம்மாள் தம் தொழிற்சாலைப் பெண்களிடம் மெழுகுத் தாளைக் கொடுத்தனுப்பினார். அவர்கள் இரவில் வீட்டில் உட்கார்ந்து, இஸ்திரிப் பெட்டியால் ஓரங்களைத் தேய்த்து ஒட்டி, பைகளாக்கிக் கொண்டுவந்தார்கள். மறுநாள் அதில் சிப்ஸைப் போட்டு வாயையும் அதே மாதிரி தேய்த்து மூடினார்கள். சமையற்காரர் கதையை உலகமே சொல்கிறது. இஸ்திரி போட்ட பெண்களைப் பற்றி யாரும் சொல்வதில்லை. அவர்கள் இல்லாவிட்டால் சிப்ஸ் ஊர் விட்டு ஊர் போயிருக்காது.

பை வந்ததும் சிப்ஸுக்கு ஆயுசு கூடிற்று. ஆயுசு கூடியதும் ஆசை வந்தது. 1954-இல் டப்ளின் நகரில் ஜோ மர்ஃபி என்பவர் டேட்டோ என்ற கம்பெனியைத் தொடங்கினார். வெறும் உப்பு அவருக்கு அலுத்துவிட்டது. அவரிடம் வேலை பார்த்த ஷேமஸ் பர்க் என்பவர் பொடிகளைக் கலந்து கலந்து பார்த்து, பாலாடைக்கட்டியும் வெங்காயமும் சேர்ந்த ருசி ஒன்றைக் கண்டார். தொழிற்சாலையிலேயே ருசி ஏற்றிய சிப்ஸ் உலகமெங்கும் பரவியதற்கு இதையே தொடக்கமாகச் சொல்வது வழக்கம். எண்ணெய்ச் சட்டியிலிருந்து எடுத்த சூட்டில், மேலே எண்ணெய்ப் பசை இருக்கும்போதே, சுழலுகிற பீப்பாய்க்குள் கிழங்குச் சீவலைப் புரட்டிக்கொண்டு பொடியைத் தூவ வேண்டும், அப்போதுதான் ஒட்டும். நீலக் காகிதத்துக்கு இனி வேலை இல்லை. ருசியின் முடிவு தின்கிறவன் கையிலிருந்து தொழிற்சாலைக்குப் போய்விட்டது.

இதற்குப் பிறகு நடந்த வேடிக்கைகளுக்குக் குறைவில்லை. இன்ன ருசி என்று பெயர் போட்டால் போதும், அந்த வஸ்து உள்ளே இருக்க வேண்டியதில்லை என்ற நிலை வந்தது. 1980-களின் தொடக்கத்தில் வேல்ஸ் நாட்டில் சாராயக் கடை வைத்திருந்த ஒருவர் முள்ளெலி சிப்ஸ் என்று விற்றார். முள்ளெலியைத் தின்கிற வழக்கம் அங்கே ஜிப்ஸிகளுக்கு உண்டு. வியாபாரம் பிய்த்துக்கொண்டு போயிற்று. ஆனால் பொட்டலத்தில் முள்ளெலி இல்லை. சர்க்கார் தரப்பில் ஆட்சேபம் கிளம்பி, பெயரை எப்படிப் போடலாம், எப்படிப் போடக்கூடாது என்று சட்டப்படி விவகாரம் நடந்தது. இதையும் மிஞ்சினது பிரிங்கிள்ஸ் வழக்கு. இங்கிலாந்தில் சாப்பாட்டுச் சாமான்களுக்கு விற்பனை வரி இல்லை. உருளைக்கிழங்கு சிப்ஸுக்கு உண்டு. பிரிங்கிள்ஸில் கிழங்கு நூற்றுக்கு சுமார் 42 பங்குதான். மீதி மாவும் எண்ணெயும் மற்றதும். ஆகவே 'எங்கள் சரக்கு கிழங்குப் பண்டமே அல்ல' என்று கம்பெனி வாதாடிற்று. 2008-இல் ஒரு நீதிபதி ஆமாம் என்றார். 2009-இல் மேல் கோர்ட்டார் இல்லை, இது கிழங்குப் பண்டந்தான் என்று தீர்த்தார்கள். நடுவில் நின்ற வரிப்பணம் சுமார் பத்துக் கோடி பவுன். விளம்பரத்தில் கிழங்கு, கோர்ட்டில் மாவு. மனிதர்களிலும் இந்த ஜாதி உண்டு.

சிரித்துவிட்டு விஷயத்துக்கு வருவோம். பாலாடைக்கட்டியின் வாசனையைப் பொடியில் கொண்டுவரலாம். வெங்காய வாசனையையும் கொண்டுவரலாம். ஆனால் வாசனை மட்டும் இருந்தால் நாக்கு ஏமாறாது. மூக்குக்கு விருந்து வைத்துவிட்டு வாய்க்குப் பட்டினி போட்ட கதையாகும். நாக்கில் ஒரு நிறைவு வேண்டும். விழுங்கின பிறகும் அடித்தொண்டையில் சற்று நின்று போகிற நிறைவு. அதைக் கொடுக்கிறவர்கள்தாம் நம் நம்பர் கைதிகள். அவர்கள் பிறந்த ஊர் டோக்கியோ.

கிக்குனே இக்கேதா 1864-இல் கியோட்டோவில் பிறந்தவர். டோக்கியோ சர்வகலாசாலையில் இரசாயனப் பேராசிரியர். 1899-இல் மேல்படிப்புக்காக ஜெர்மனியில் லைப்ஸிக் நகருக்குப் போய், ஆஸ்ட்வால்ட் என்ற பெரிய விஞ்ஞானியிடம் பயின்றார். ஜெர்மானியர்கள் வாட்டசாட்டமாக இருப்பதையும், அவர்கள் தின்கிற தக்காளியையும் பாலாடைக்கட்டியையும் இறைச்சியையும் பார்த்தார். தம் நாட்டார் நோஞ்சான்களாக இருக்கிறார்களே என்ற கவலை அவரை விடவில்லை. 1901-இல் ஊர் திரும்புகிற வழியில் லண்டனில் கொஞ்ச காலம் தங்கினார். அவர் தங்கிய வாடகை வீட்டிலேயே இன்னொரு ஜப்பானியரும் இருந்தார். ஆங்கில இலக்கியம் படிக்க சர்க்கார் அனுப்பி, கையில் காசில்லாமல், மனிதர் முகம் பிடிக்காமல், அறைக்குள் புத்தகங்களோடு அடைந்து கிடந்த நட்ஸுமே ஸோஸெகிதான் அவர். பிற்காலத்தில் ஜப்பானியர் தங்கள் தலைசிறந்த நாவலாசிரியராகக் கொண்டாடினார்களே, அவரேதான். இருவரும் தத்துவமும் இலக்கியமும் பேசித் தீர்த்தார்கள். இரசாயனக்காரரின் ஒழுங்கான சிந்தனை ஸோஸெகியை உலுக்கிவிட்டது; இலக்கியத்தையும் அப்படி அடிப்படையிலிருந்து ஆராய வேண்டும் என்ற வெறி அவருக்குப் பிறந்தது. அதன் பலனாக வந்த இலக்கியத் தத்துவ நூல் 1907-இல் வெளியாயிற்று. அதற்கு அடுத்த ஆண்டு இக்கேதாவின் கண்டுபிடிப்பு. அந்த வாடகை வீட்டுக்காரி இரண்டு பேருக்கும் என்ன சமைத்துப் போட்டாளோ! அந்தக் காலத்து லண்டன் சாப்பாட்டைத் தின்றவனுக்கு ருசி என்பது என்ன என்று யோசிக்கத் தோன்றியிருந்தால் ஆச்சரியமில்லை.

ஜப்பானியர் சமையலில் எதற்கும் ஆதாரம் ஒரு தெளிந்த சாறு. கோம்பு என்ற கடற்பாசியின் உலர்ந்த பட்டையை வெந்நீரில் ஊறவைத்து எடுப்பது அது. பார்த்தால் வெறும் தண்ணீர் போல இருக்கும். அதில் பச்சென்ற சோயாக்கட்டியைப் போட்டாலும் ருசிக்கும். இந்த ருசி என்ன என்று இக்கேதா கேட்டார். இனிப்பில்லை, புளிப்பில்லை, உவர்ப்பில்லை, கசப்பில்லை. ஐரோப்பியரின் நால்வகைச் சுவையில் இதற்கு இடமில்லை. நம்முடைய அறுசுவையில் கூட இல்லை; கார்ப்பையும் துவர்ப்பையும் சேர்த்தாலும் இது வெளியில்தான் நிற்கிறது. நம் வீடுகளில் இதைக் 'கைமணம்' என்று சொல்லிச் சமைத்தவளுக்குப் புண்ணியம் சேர்த்துவிடுகிறோம். இக்கேதா கடற்பாசியைக் காய்ச்சி, வடித்து, சுண்டவைத்து, படிகமாக்கிக்கொண்டே போனார். மூட்டைப் பாசியிலிருந்து கடைசியில் கையளவு படிகம் தேறிற்று. அது குளுட்டாமிக் அமிலம். புதிய வஸ்து அல்ல. 1866-இலேயே ரிட்ஹவுஸன் என்ற ஜெர்மானியர் கோதுமைப் பசையிலிருந்து பிரித்துப் பெயரும் வைத்துவிட்டுப் போயிருந்தார். நாற்பது வருஷமாக அலமாரியில் இருந்த அந்த வஸ்துவே சாற்றின் ருசி என்று கண்டது இக்கேதாவின் நாக்குத்தான். அந்தச் சுவைக்கு 'உமாமி' என்று பெயரிட்டார். ருசியானது என்பதற்கு மேல் அதற்குப் பொருள் இல்லை. அந்த அமிலத்தின் சோடிய உப்பு நன்றாகக் கரைகிறது, சீக்கிரம் கெடுவதில்லை என்று கண்டு, 1908-இல் காப்புரிமை வாங்கினார். ஏழை வீட்டுக் கஞ்சியையும் இது ருசிக்கச் செய்யும், ருசித்தால் செரிக்கும், செரித்தால் தேகம் தேறும் என்பது அவர் கணக்கு.

கடற்பாசியிலிருந்து அயோடின் எடுத்து விற்றுக்கொண்டிருந்த ஸுஸுகி ஸபுரோஸுகே என்ற வியாபாரி கூட்டுச் சேர்ந்தார். 1909-இல் 'ருசியின் சாரம்' என்று பொருள்படும் அஜினோமோட்டோ என்ற பெயரில் வெள்ளைப் பொடி கடைக்கு வந்தது. ஒரு கம்பெனியின் பெயர் நம் ஊர் மளிகைக் கடையில் அந்தப் பொடிக்கே பெயராகிவிட்டதை வாசகர்கள் அறிவார்கள்.

பொடி பிரபலமானதும் ஒரு வதந்தி கிளம்பிற்று: இது பாம்பைப் பொடித்துச் செய்வது! 1920-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஜப்பானில் இது வீட்டுக்கு வீடு பேச்சு. உண்மையில் அப்போது அதைச் செய்தது கோதுமைப் பசையை அமிலத்தில் வேகவைத்து. கம்பெனிக்காரர்கள் பத்திரிகைகளில் விளம்பரம் போட்டு 'எங்கள் பொடியில் பாம்பு இல்லை' என்று சத்தியம் செய்ய வேண்டிவந்தது. இந்தச் சத்தியத்தைப் போலச் சந்தேகத்தை வளர்க்கக்கூடியது வேறில்லை. 'என் வீட்டில் பாம்பு இல்லை' என்று ஒருவன் தெருவில் நின்று கத்தினால், நாம் என்ன நினைப்போம்?

ஆனால் அதே காலத்தில் சீனாவில் நடந்ததைப் பாருங்கள். ஷாங்காயில் வு யுன்சு என்ற இரசாயன நிபுணர், ஜப்பான் சரக்குக்குப் போட்டியாகத் தாமே பொடி தயாரித்து, 1923-இல் தொழிற்சாலை வைத்தார். சுதேசி உணர்ச்சி கொழுந்துவிட்டு எரிந்த சமயம். தேவலோகத்துச் சமையலறை என்று கம்பெனிக்குப் பெயர். புத்தரின் கரம் என்று முத்திரை. கோழி வேகவைத்த சாறு இல்லாமலே அந்த ருசி வருகிறது என்பதால் புலால் நீக்கிய பௌத்தர்களுக்கு இது வரப்பிரசாதமாயிற்று. ஒரு கடலைத் தாண்டினால் பாம்புப் பொடி புத்தர் பொடியாகிவிட்டது. பொடி என்னவோ ஒன்றுதான்.

இனி 631, 627 என்ற தம்பிமார்கள். இக்கேதாவின் சீடர் கொடாமா 1913-இல், உலர்ந்த சூரை மீனின் ருசியை ஆராய்ந்து இனோஸினேட் என்ற பொருளைக் கண்டார். அந்த மீன் வேறொன்றுமில்லை. இலங்கைத் தமிழர் சம்பலுக்கு இடித்துப் போடுகிற மாசிக் கருவாட்டுக்கு உடன்பிறப்பு. 1957-ஐ ஒட்டி குனினாக்கா என்பவர் குவானிலேட் என்ற இன்னொன்றைக் கண்டார். உலர்ந்த காளானின் ருசிக்கு அது காரணம். அதைவிடப் பெரிய காரியமும் அவர் செய்தார். இந்தத் தம்பிகளில் ஒருவன் கொஞ்சம், அண்ணன் குளுட்டமேட் கொஞ்சம் என்று சேர்த்தால் ருசி இரட்டிப்பாவதில்லை, பல மடங்காகப் பெருகுகிறது என்று காட்டினார். ஜப்பானியப் பாட்டிகள் பாசியையும் மீனையும் சேர்த்துச் சாறு வைத்தது இதனால்தான். சிப்ஸ்காரர் 627-ஐயும் 631-ஐயும் சிட்டிகையளவு போடுவதும் இதனால்தான். உருளைக்கிழங்கிலும், தக்காளிப் பொடியிலும், பாலாடைக்கட்டியிலும் குளுட்டமேட் இயற்கையாகவே ஓரளவு இருக்கிறது. தம்பிகள் போய்த் தூங்குகிற அண்ணனைத் தட்டி எழுப்புகிறார்கள்.

இதே காலத்தில் தயாரிப்பு முறையும் மாறிற்று. 1956-இல் ஜப்பானில் கியோவா ஹாக்கோ என்ற கம்பெனியில் கினோஷிதா குழுவினர், சர்க்கரையைத் தின்று குளுட்டமேட்டை வெளியே விடுகிற ஒரு நுண்கிருமியைக் கண்டுபிடித்தார்கள். அமிலக் கொதிகலன் போயிற்று. தோசைமாவு புளிக்கிற மாதிரி, கரும்புப் பாகும் மரவள்ளி மாவும் தொட்டிகளில் புளித்துப் பொடியாகத் தொடங்கின. விலை மளமளவென்று இறங்கிற்று. டப்பா சூப், பொட்டலத் தீனி, சிப்ஸ் என்று எல்லாவற்றுக்குள்ளும் வெள்ளைப் பொடி நுழைந்தது. ஜப்பானில் 1962-இல் கொய்க்கேயா என்ற கம்பெனி உப்பும் கடற்பாசியும் தூவிய உருளைக்கிழங்கு சிப்ஸை வெளியிட்டது. இக்கேதாவின் பாசி கிழங்கின் மேல் வந்து உட்கார்ந்தது எனக்கு என்னவோ மிகவும் நியாயமாகப் படுகிறது.

அமெரிக்கர்களுக்கு இந்தப் பொடியிடம் ஆரம்பத்தில் பயமே கிடையாது. யுத்தத்தின்போது பட்டாளத்துச் சாப்பாடு வாயில் வைக்க வழியில்லாமல் இருந்ததால், 1948-இல் சிகாகோவில் ராணுவத்தாரும் உணவுக் கம்பெனிக்காரர்களும் கூடி இந்தப் பொடியைப் பற்றி ஒரு மாநாடே நடத்தினார்கள். இருபது வருஷம் ஒரு முணுமுணுப்பும் இல்லை. பிறகு ஒரு கடிதம் வந்தது.

1968 ஏப்ரலில், நியூ இங்கிலாந்து வைத்திய சஞ்சிகையில், மேரிலாந்து மாகாணத்தில் வசித்த சீன டாக்டர் ராபர்ட் ஹோ மான் குவாக் என்பவர் ஒரு கடிதம் எழுதினார். சீன ஹோட்டலில் சாப்பிட்டால் கால் மணி நேரத்தில் தமக்குப் பிடரி மரத்துப் போகிறது, தளர்ச்சியும் படபடப்பும் வருகின்றன, இரண்டு மணி நேரத்தில் போய்விடுகின்றன என்றார். சோயா சாறாக இருக்கலாம், சமையலில் விடுகிற மதுவாக இருக்கலாம், அந்தப் பொடியாக இருக்கலாம், உப்பு மிகுதியாக இருக்கலாம். யாராவது ஆராய்ந்து சொல்லுங்கள் என்று கேட்டார். அடக்கமான கடிதம். அதற்குத் தலைப்பு வைத்தது சஞ்சிகைக்காரர்கள்: 'சீன ஹோட்டல் நோய்' என்று. நான்கு சந்தேகங்களில் மூன்று காற்றில் போயின. பொடி மட்டும் மிஞ்சிற்று. சஞ்சிகைக்குக் கடிதங்கள் குவிந்தன. ஒருவருக்குத் தலைவலி, ஒருவருக்குத் தாடை இறுக்கம். இத்தனை பேரும் அதே பொடியை டப்பா சூப்பிலும் பொட்டலத் தீனியிலும் சப்புக்கொட்டிக்கொண்டு தின்றுவந்தவர்கள். 'டப்பா சூப் நோய்' என்றோ 'பொட்டல நோய்' என்றோ எந்த டாக்டரும் பெயர் வைக்கவில்லை. நோய்க்குப் பக்கத்து வீட்டான் பெயரை வைப்பதில் உள்ள சௌகரியம் சொந்த வீட்டுப் பெயரை வைப்பதில் இல்லை. பல ஊர்களில் சீன ஹோட்டல்காரர்கள் 'இங்கே அந்தப் பொடி போடுவதில்லை' என்று வாசலில் பலகை மாட்டினார்கள். பாம்பு இல்லை என்ற பழைய விளம்பரமேதான், வேறு பாஷையில்.

இந்தக் கடிதத்துக்குப் பின்கதை ஒன்று உண்டு. 2018-இல், வயது முதிர்ந்த அமெரிக்க சர்ஜன் ஒருவர், 'அந்தக் கடிதத்தை எழுதியது நான்தான். பந்தயம் கட்டி விளையாட்டாக எழுதினேன். குவாக் என்று ஒருவரே இல்லை' என்றார். கேட்டவர்களுக்கு ஒரே குதூகலம். 2019-இல் ஒரு வானொலி நிகழ்ச்சிக்காரர்கள் துருவிப் பார்த்ததில், டாக்டர் குவாக் உண்மையாகவே அந்த ஊரில் வாழ்ந்து காலமானவர் என்றும், கடிதம் அவருடையதே என்று குடும்பத்தார் சொல்கிறார்கள் என்றும் தெரிந்தது. விளையாட்டு என்று சொன்னதுதான் விளையாட்டு. ஒரு சீன டாக்டர் தமக்கு வந்த உபத்திரவத்தைச் சொல்லப்போக, அதைத் தம் ஜாதியார் தலையிலே கட்டிவிட்டார்களே என்று அவர் வருந்தினாரா? நாவலாசிரியன் புத்தி அங்கேதான் போய் நிற்கிறது.

1969-இல் ஜான் ஓல்னி என்ற விஞ்ஞானி, பிறந்த எலிக்குஞ்சுகளுக்கு இந்தப் பொடியைப் பெரிய அளவில் ஊசியாகப் போட்டு, மூளையில் சேதம் உண்டாவதைக் கண்டார். சோதனை பொய்யல்ல. ஆனால் தோலுக்கடியில் ஏற்றுவது வேறு, உணவில் சிட்டிகை போட்டுத் தின்பது வேறு. என்றாலும் குழந்தை உணவு செய்கிற கம்பெனிகள் அந்த ஆண்டே பொடியை நிறுத்தின. அதைத் தவறென்று சொல்லமாட்டேன்; குழந்தைக்கு ருசி கூட்டும் பொடி எதற்கு? தாய்ப்பாலிலேயே, பசும்பாலைவிடப் பல மடங்கு, அந்தக் குளுட்டமேட் இருக்கிறது.

பின்னால் வந்த சோதனைகளில், தின்பது பொடியா வெறும் மாவா என்று தின்கிறவருக்கும் கொடுக்கிறவருக்கும் தெரியாதபடி மறைத்துவைத்தார்கள். தமக்கு இந்தப் பொடி ஒத்துக்கொள்ளாது என்று தாங்களே சொன்ன 130 பேரை வைத்து நடத்தி, 2000-இல் வெளியான ஆராய்ச்சியில், திரும்பத் திரும்பக் கொடுத்தபோதும் ஒரே மாதிரி உபத்திரவம் கண்டவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். மூன்று கிராமுக்கு மேல், சாப்பாடு இல்லாமல் வெறும் வயிற்றில் கொடுத்தால் சிலருக்குச் சற்று நேரம் தலைவலியோ மரமரப்போ வரலாம் என்பது 1995-இல் அமெரிக்க நிபுணர்கள் சொன்ன முடிவு. 2017-இல் ஐரோப்பிய அதிகாரிகள் உடல் எடையில் கிலோவுக்கு 30 மில்லிகிராம் என்று ஒரு தின வரம்பு வைத்தார்கள். அளவோடு என்பது உப்புக்கும் உண்டு, இதற்கும் உண்டு. நாக்கில் இந்தச் சுவையை வாங்கிக்கொள்கிற உறுப்பு எது என்பதும் 2000-க்குப் பிறகு கண்டுபிடித்தாயிற்று. இக்கேதா 1936-இல் காலமானவர். தம் நாக்கு சொன்னது சரி என்று கேட்க அவர் இல்லை.

பயம் அதோடு நின்றதா என்றால், இல்லை. 2001 ஜனவரியில் இந்தோனேசியாவில் பெரிய அமளி. அந்தப் பொடியைத் தருகிற நுண்கிருமியை வளர்க்கும் தீனியில், பன்றியிலிருந்து எடுத்த ஒரு நொதி பட்டிருந்தது தெரிய வந்தது. முடிந்த பொடியில் அதன் சுவடு இல்லை. ஆனாலும் உலேமாக்கள் கூடாது என்றார்கள். நாட்டின் ஜனாதிபதி ஆகலாம் என்றார். கம்பெனி சரக்கைக் கடைகளிலிருந்து திரும்ப எடுத்தது. இதை வீண் பயம் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. தின்னும் பொருள் எந்த வழியாக வந்தது என்று கேட்பது தின்கிறவனின் உரிமை. நம் நாட்டில் 631 என்றால் பன்றிக்கொழுப்பு என்று ஒரு சேதி கைப்பேசிக்குக் கைப்பேசி தாவிக்கொண்டிருந்தது. 631 கொழுப்பே அல்ல. மீனிலிருந்தும் இறைச்சியிலிருந்தும் எடுக்கலாம். மரவள்ளி மாவைப் புளிக்கவைத்தும் எடுக்கலாம். எந்த வழி என்பதை நம்பர் சொல்லாது. நம் பொட்டலங்களில் பச்சைப் புள்ளி இருந்தால் சைவ வழி என்று அர்த்தம். நம்பரில் ஒளித்ததைப் புள்ளி காட்டிக்கொடுக்கிறது.

ஜப்பானியன் பாம்பைக் கண்டான், அமெரிக்கன் சீனனைக் கண்டான், நாம் பன்றியைக் கண்டோம். யார் யார் எதற்குப் பயப்படுகிறார்களோ அது அந்த வெள்ளைப் பொடிக்குள் இருந்தது.

வியாபாரிகள் இதைக் கவனிக்காமல் இருப்பார்களா? 'குளுட்டமேட் சேர்க்கப்படவில்லை' என்று பொட்டலத்தில் பெரிய எழுத்தில் போடுவது ஒரு பழக்கமாயிற்று. 2015-இல் இந்தியாவில் நடந்த நூடுல்ஸ் விவகாரத்தில் ஈயம் ஒரு பக்கம் என்றால், இந்த வாசகம் இன்னொரு பக்கம். சேர்க்காவிட்டாலும் கோதுமையிலும் வெங்காயத்திலும் இயற்கையாகவே அது இருக்குமே என்று வாதம். ஜூனில் போட்ட தடையை ஆகஸ்டில் பம்பாய் ஹைகோர்ட்டு ரத்து செய்தது. மேல்நாட்டுச் சிப்ஸ் பொட்டலங்களில் வேறொரு தந்திரம். 621 போய்விடும், அந்த இடத்தில் 'ஈஸ்ட் சத்து' என்று சாதுவான ஒரு பெயர் வந்து உட்காரும். ஈஸ்டைக் கரைத்து எடுத்த அந்தச் சத்தில் குளுட்டமேட் தாராளமாக இருக்கிறது. கைதி காஷாயம் கட்டிக்கொண்டு முன்வாசல் வழியாகவே உள்ளே வந்துவிடுகிறான். நாமும் விழுந்து கும்பிடுகிறோம்.

இத்தனை சந்தடியில் யாரும் சந்தேகப்படாத ஆசாமி ஒருவர் ஜாபிதாவில் மூன்றாவதாகவோ நான்காவதாகவோ சாவதானமாக உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு நம்பர் இல்லை, பெயரே போதும். நூறு கிராம் வெள்ளைப் பொடியில் சோடியம் 12 கிராம் அளவு. நூறு கிராம் சாதாரண உப்பில் 39 கிராம். ஒரு நாளைக்கு எல்லாவற்றிலுமாகச் சேர்த்து உப்பு ஐந்து கிராமுக்குள் இருக்கட்டும் என்று உலக சுகாதார ஸ்தாபனம் சொல்கிறது. ரத்தக் கொதிப்புக்காரர் பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்து, 627-ஐக் கண்டு முகம் சுளித்துவிட்டு, உப்பைத் தாண்டிப் போய்விடுகிறார். ஸ்மித்தின் நீலக் காகிதத்தைப் பின்னாளில் இங்கிலாந்தில் மறுபடியும் கொண்டுவந்தார்கள். காகிதத்துக்குப் பதில் சின்ன நீல உறை. வேண்டாமென்றால் அதைப் பிரிக்காமலே வைத்துவிட்டுக் கிழங்கை மட்டும் தின்னலாம்.